பரணில் கிடக்கும் தேக்கு

(ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மரவேலை கற்றுக்கொண்டும் கற்றுக்கொடுத்தும் காலம் கழித்தவன் நான். பேச வரும்படி நீங்கள் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் இறங்கி மாடம்பாக்கம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தாலே போதும். பேச வேண்டிய பொருள் தெருவோரத்தில் கிடக்கிறது.

செம்பாக்கம் நகராட்சியில் இருந்த நம் ஊர் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. ஊர் வளர்வது நல்லதுதான். ஆனால் வீடு மாறுகிறவர்கள் கட்டிலையும் பீரோவையும் வண்டியில் ஏற்றிவிட்டு, கால் ஆடுகிற பழைய மர ஸ்டூலைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் மனசு வராதவர்கள் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். பரணில் ஏறிய ஸ்டூல் அநேகமாக மறுபடி இறங்குவதில்லை.

அந்த ஸ்டூலுக்காகத்தான் இன்று பேசுகிறேன். அதில் இருக்கும் மரம், இன்று நீங்கள் கடையில் வாங்கும் புதுச் சாமானில் இருக்கும் மரத்தைவிடப் பெரும்பாலும் உசத்தியானது. அதன் கோளாறு மூட்டில் இருக்கிறது, மரத்தில் இல்லை. மூட்டைச் சரிசெய்து, அதன் மேல் ஓர் அழகையும் சேர்த்தால் இன்னொரு தலைமுறைக்கு அது உழைக்கும். முதலில் உறுதி, பிறகு அழகு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

எந்த மரம், எங்கிருந்து வந்தது?

உங்கள் வீட்டு ஸ்டூல் என்ன மரம் என்று தெரியுமா? மேலே பூசிய பெயிண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. தலைகீழாகக் கவிழ்த்து, பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் பெயிண்ட் இருக்காது. உப்புத்தாளால் ஓர் அங்குலம் தேய்த்துப் பாருங்கள். பொன் கலந்த பழுப்பு நிறம், கையில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு, பழைய தோலைப் போன்ற ஒரு வாசனை, இவை மூன்றும் இருந்தால் அது தேக்கு. கறுப்பும் ஊதாவும் கலந்த கோடுகளோடு, கையில் எடுத்தால் கனமாக இருந்தால் ஈட்டி. வெளுத்த மஞ்சள் நிறத்தில் சன்னமான கோடுகளோடு இருந்தால் ரப்பர் மரமாக இருக்கலாம். நம் பக்கத்து வீடுகளில் மா, வாகை, வேம்பு, பூவரசு என்று கொல்லையில் வெட்டிய மரத்திலேயே ஸ்டூல் செய்துகொண்டவர்களும் உண்டு.

தேக்கின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கப்பல் கட்டவும் கட்டடம் கட்டவும் காட்டுத் தேக்கை வெட்டித் தீர்த்த பிறகுதான், 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஏற்பாடு செய்தார். நிலத்தில் நின்று அதை வளர்த்துக் காட்டியவர் சாத்து மேனோன். நட்டுவைத்துத் தேக்கை வளர்க்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய பழைய தோட்டங்களில் அது ஒன்று. நம் ஊர்ப் பக்கம் வந்த நல்ல தேக்கில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து, அதாவது இன்றைய மியான்மரிலிருந்து, கப்பலில் வந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் அந்தத் தேக்குதான். அரண்மனை போன்ற வீடுகளுக்குத் தூணாகிய மரத்தின் மிச்சம்மீதித் துண்டுகள் ஸ்டூலாகவும் மணையாகவும் சாதாரண வீடுகளுக்கு வந்து சேர்ந்தன.

அந்த வழி இன்று அடைபட்டுவிட்டது. அறுக்காத தேக்குத் தடிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதை மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. தோட்டங்களில் சீக்கிரம் வளர்த்து இளமையிலேயே வெட்டும் தேக்கில் நடுவில் இறுகிய வைரம் குறைவு, வெளிப்புற வெளுப்பு அதிகம். கரையானைத் தடுக்கும் எண்ணெய்ச் சத்து வைரத்தில்தான் இருக்கிறது, வெளுப்பில் இல்லை. ஐம்பது அறுபது வருடம் நின்று வைரம் பாய்ந்த மரத்தின் பலகை இன்று உங்களுக்கு வேண்டுமானால், கடைக்குப் போவதற்கு முன் பரணைப் பாருங்கள். அங்கே கிடக்கும் ஸ்டூலில் அது இருக்கக்கூடும்.

ரப்பர் மர ஸ்டூலையும் குறைவாக நினைக்க வேண்டாம். ஏறக்குறைய 25, 30 வருடம் பால் தந்து ஓய்ந்த மரத்தை வெட்டி, பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிச் செய்தது அது. தண்ணீர் படாத இடத்தில் வைத்தால் நன்றாக உழைக்கும். மொட்டை மாடியிலும் குளியலறை வாசலிலும் வைத்தால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். மரத்தை அறிந்துகொண்டால், அதை எங்கே வைக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

வெள்ளம் வைத்த சோதனை

முழு மரம் உசத்தி, புதுச் சாமானில் வரும் அட்டைப் பலகை மட்டம் என்று நான் சும்மா சொல்லவில்லை. நாம் எல்லோரும் கண்ணால் பார்த்ததுதான். 2015 டிசம்பரின் முதல் இரண்டு நாட்களை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு தெருக்களில் என்ன குவிந்து கிடந்தது என்று நினைத்துப் பாருங்கள். டிவி வைக்கும் அலமாரி, கம்ப்யூட்டர் மேசை, பிள்ளைகளின் படிப்பு மேசை. எல்லாம் மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. ஓரங்கள் ஊதிப் பெருத்து, மேலே ஒட்டிய தாள் உரிந்து, ஸ்குரூ பிடித்த இடம் பொடிந்துபோயிருந்தது. அதைக் காயவைத்துத் திருப்பி எடுக்க வழியே கிடையாது.

அதே தண்ணீரில் கிடந்த முழு மர ஸ்டூலையும் மணையையும் கழுவி, நிழலில் காற்றாட வைத்து, மறுபடி பயன்படுத்திய வீடுகள் உண்டு. முழு மரம் ஈரத்தை வாங்கி அகலவாக்கில் கொஞ்சம் உப்பும். உலர்ந்ததும் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். வெயிலில் போட்டு அவசரமாகக் காயவைத்தால் வெடிக்கும். நிழலில் பொறுமையாகக் காயவைத்தால் பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் மழைக்குப் பயந்து வாழும் நமக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

போகித் தீயில் போவது என்ன?

பழையன கழிய வேண்டும், புதியன புக வேண்டும் என்று போகி கொண்டாடுகிறோம். நல்ல பண்டிகை. ஆனால் கழிப்பது என்றால் எரிப்பது என்று யாரோ எப்போதோ ஆக்கிவிட்டார்கள். 2018 ஜனவரி 13, போகி அன்று காலையில் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் போனது. விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன, சில ரத்தாயின. அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் நாம். அந்தப் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போன புகை.

மரம்தானே, பிளாஸ்டிக்கா டயரா என்று கேட்பீர்கள். பழைய ஸ்டூலில் மரம் மட்டும் இல்லை; பெயிண்டும் இருக்கிறது. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்டுகளில், முக்கியமாகப் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் பல மடங்கு இருக்கக்கூடும். சமையலறை ஸ்டூல்களுக்கு நாம் அடித்த பச்சையையும் மஞ்சளையும் நினைத்துப் பாருங்கள். எரித்தால் அந்த ஈயம் புகையிலும் சாம்பலிலும் போகும். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். நான்கு கிலோ எடையுள்ள ஒரு ஸ்டூலில் சுமார் இரண்டு கிலோ கார்பன் இருக்கும். எரித்தால் அது ஏழு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடாகிக் காற்றில் கலக்கும். அந்த மரம் காட்டிலோ தோப்பிலோ பல வருடம் நின்று காற்றிலிருந்து உறிஞ்சி வைத்ததைப் பத்து நிமிடத்தில் திருப்பி ஊதிவிடுகிறோம். ஸ்டூல் வீட்டில் இருக்கும் வரை அந்தக் கார்பனும் ஸ்டூலுக்குள்ளேயே இருக்கும்.

பழையதற்கு மதிப்பு கொடுக்கும் இடங்கள்

பழைய மரத்தை மதிக்கக் கற்றுக்கொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பல்லாவரத்தில் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது என்று சொல்வார்கள். இன்று அங்கே செடி, புறா, கோழி, பழைய மிக்சி, சைக்கிள் உதிரிப் பாகம், கட்டில், நாற்காலி எல்லாம் கிடைக்கும். காலையில் சீக்கிரம் போகிறவர்களுக்கு நல்ல மரச்சாமான் அமையும். வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள். காலை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் மரம் திடமாக இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கும். சின்னச் சின்னத் துளைகளிலிருந்து மாவு கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு முழுக்கப் பழம்பொருள் கடைகள். இடிந்த செட்டிநாட்டு வீடுகளின் தூணும் போதிகையும் அங்கே இருந்து உலகமெங்கும் போகின்றன. நம் பக்கத்திலேயே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தைப் பாருங்கள். இடித்துப் போட இருந்த வீடுகளை வாங்கி, ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து எடுத்து வந்து, திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். பிரிக்கக்கூடிய மூட்டோடு நம் தச்சர்கள் அன்று கட்டிவைத்ததால்தான் அது முடிந்தது. ஒரு வீட்டையே அப்படிப் பிரித்துக் கோக்க முடிந்தபோது, ஒரு ஸ்டூல் எம்மாத்திரம்?

வெளிநாட்டு உதாரணமும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் ஸ்டூல்தான். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ 1933இல் பிர்ச் மரத்தில் மூன்று கால் ஸ்டூல் ஒன்றை வடிவமைத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கலாம். பள்ளிக்கூடம், அலுவலகம் என்று அந்த நாடு முழுக்கப் பரவியது. அதைத் தயாரிக்கும் ஆர்ட்டெக் நிறுவனம் பின்னாளில் தான் விற்ற பழைய ஸ்டூல்களைத் தானே திருப்பி வாங்கி விற்கத் தொடங்கியது. பிள்ளைகள் கிறுக்கிய கோடும் பெயிண்ட் பெயர்ந்த இடமும் அப்படியே இருக்கின்றன. அந்தத் தழும்புக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் ஜோத்பூரில் பழைய கதவையும் உத்தரத்தையும் மேசை, பெஞ்சாக்கி ஏற்றுமதி செய்வது பெரிய தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. வெளிநாட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கும் அந்தப் பழமை நம் வாசலில் மழையில் நனைகிறது.

ஒரு ஸ்டூலைப் பிரித்துப் பார்ப்போம்

இதோ, இந்த மேசை மேல் ஒரு ஸ்டூல் வைத்திருக்கிறேன். பல்லாவரம் சந்தையில் வாங்கியது. நான்கு கால். நான்கும் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன, ஸ்டூல் கவிழாமல் இருக்க. கீழே நான்கு குறுக்குச் சட்டம். மேலே இரண்டு துண்டு இணைத்த பலகை. கையை வைத்தால் ஆடுகிறது, பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் ஆட்டத்தை நிறுத்த ஒவ்வொரு மூட்டிலும் ஓர் இரும்பு ஆணி அடித்திருக்கிறார். ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறது. நம் ஊர் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் ஆணி துருப்பிடித்து, மரத்தையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

ஸ்டூல் ஏன் ஆடுகிறது? காலில் வெட்டிய துளைக்குள் சட்டத்தின் முனை நுழைந்திருக்கிறது. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. அகலவாக்கில் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அந்த முனை இத்தனை வருடமாக உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, துளையைவிட மெலிந்துவிட்டது. பழைய பசையும் காய்ந்து பொடிந்துவிட்டது. அவ்வளவுதான் நோய். ஆணி இதற்கு மருந்தாகாது, முனையைப் பிளந்துவிடும்.

முதலில் ஆணிகளைப் பிடுங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மூட்டிலும் பென்சிலால் எண் போட வேண்டும். காலில் 1 என்றால் அதில் நுழையும் சட்டத்திலும் 1. இதைச் செய்யாமல் பிரித்தவர்கள் திரும்பக் கோக்கும்போது திண்டாடுவார்கள். கையால் செய்த ஸ்டூலில் ஒரு கால் போல் இன்னொரு கால் இருக்காது. பிறகு கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டிப் பிரிக்க வேண்டும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், மரம் நசுங்கும். வேறு வழியில்லை என்றால் இடையில் ஒரு துணியும் கட்டையும் வைத்து அடியுங்கள்.

பிரித்ததும் பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சோம்பல்படுவது இங்கேதான். காய்ந்த பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது, மரத்தில்தான் பிடிக்கும். வெந்நீரில் வினிகர் கலந்து ஒரு துணியால் ஊறவைத்தால் பழைய பசை இளகும். நன்றாக உலர்ந்த பிறகு கோத்துப் பாருங்கள். முனை தளர்வாக இருந்தால், துளை மறுபக்கம் வரை போயிருக்கும் மூட்டில், முனையின் நடுவில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு மெல்லிய ஆப்பு இறக்கலாம். ஆப்பு காலின் ரேகைக்குக் குறுக்காக நிற்க வேண்டும். ரேகையோடு ஒட்டி நின்றால் கால் இரண்டாகப் பிளந்துவிடும். துளை மறுபக்கம் வராத மூட்டாக இருந்தால், முனையின் மேல் மெல்லிய மரச்சீவலை ஒட்டிக் கனமாக்கிக்கொள்ளலாம்.

பசை தடவிக் கோத்த பிறகு இறுக்கிப் பிடிக்கப் பட்டறைக் கிளாம்ப் தேவையில்லை. நான்கு கால்களையும் சுற்றித் தாம்புக் கயிறு கட்டி, இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் போதும். சமதளமான டைல்ஸ் தரையில் நிறுத்தி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். தண்ணீர் படும் இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் தண்ணீர் தாங்கும் பசை வாங்குங்கள். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் விட்டுவிடும். ஆணியே அடிக்க வேண்டிய இடம் இருந்தால் பித்தளை ஸ்குரூ போடுங்கள். ஆணி இருந்த ஓட்டைகளில் அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாம்.

கடைசியாக மேல்பரப்பு. பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. ஈயத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? தண்ணீரில் தேய்க்கும் உப்புத்தாளை வாங்கி, நனைத்துத் தேயுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் இருக்க வேண்டாம், வழித்த கழிவைச் செடிக்குக் கொட்டாமல் பையில் கட்டிப் போடுங்கள். பெயிண்ட் போன பிறகு 80, 120, 220 என்று உப்புத்தாள் எண்ணை ஏற்றிக்கொண்டே போங்கள். எப்போதும் ரேகை போகும் திசையில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷ் போட்ட பிறகுதான் தெரியும். அப்போது அழிக்க முடியாது.

பாலிஷ் என்றால் பலர் சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ எடுத்துத் தடவுகிறார்கள். அன்றைக்குப் பளபளக்கும். ஆனால் இந்த எண்ணெய்கள் காயாது. தூசியை இழுத்துப் பிசுபிசுப்பாகிவிடும். காய்கிற எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். அதைத் தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும் எண்ணெய் அது. விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தடவும் பழைய பாலிஷ் அழகாக இருக்கும். ஆனால் சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். அடிக்கடி புழங்கும் ஸ்டூலுக்குக் கடையில் கிடைக்கும் வார்னிஷே நல்லது.

அழகுக்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது

உறுதி வந்துவிட்டது. இனி அழகு. இங்கே பலர் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து வெள்ளைப் பெயிண்ட் அடித்து, வேண்டுமென்றே தேய்த்துப் பழசு மாதிரி ஆக்குகிறார்கள். தேக்கைப் பெயிண்டில் மூடுவது எனக்குச் சம்மதமில்லை. நம் மரபில் மரத்தை அலங்கரிக்க எவ்வளவோ வழி இருக்கிறது.

கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மணையில் கோலம் போடுகிறோம். அதே கோலத்தைச் சுற்றிலும் செம்மண் நிறக் கரையோடு ஸ்டூலின் பலகையில் வரைந்து, மேலே வார்னிஷ் அடித்தால் கூடத்துக்கு ஒரு சின்ன மேசை தயார். கோலம் போடத் தெரிந்த கை இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. பலகை உளுத்துப்போய்க் கால்கள் மட்டும் நன்றாக இருந்தால், பலகையை எடுத்துவிட்டு ஆத்தங்குடிக் கல் பதிக்கலாம். அடியில் தண்ணீர் தாங்கும் பிளைவுட் வைத்து, சுற்றிலும் மரச்சட்டம் கட்ட வேண்டும். கல் கனமானது, ஆகவே கால் மூட்டு திடமாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். சட்டம் மட்டும் மிஞ்சியிருந்தால் பிரம்பு பின்னலாம், அல்லது பலகைக்குப் பதில் நாடா பின்னலாம். ஒயர் கூடை பின்னத் தெரிந்த பெண்களுக்கு நாடா பின்னுவது கஷ்டமே இல்லை. பத்தமடைப் பாயை மேலே இழுத்துக் கட்டிய ஸ்டூல் பூஜையறைக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கும்.

நவராத்திரிக்குக் கொலு வைக்க நம் வீடுகளில் என்ன செய்தார்கள்? ஸ்டூல், பெஞ்சு, டிரங்குப் பெட்டி, பலகை எல்லாவற்றையும் உயரவாரியாக அடுக்கி, மேலே வெள்ளை வேட்டி விரித்து, ஒற்றைப்படையில் படி கட்டினார்கள். ஒன்பது நாளைக்கு ஸ்டூல் படியாகும்; பத்தாம் நாள் மறுபடி ஸ்டூலாகும். ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் வித்தை நமக்குப் புதிதில்லை. அதையே நிலையாகச் செய்யலாம். உயரம் வேறுபட்ட மூன்று ஸ்டூல்களைப் பலகையால் இணைத்தால் வருஷம் முழுக்கத் துளசிக்கும் மணிபிளாண்டுக்கும் தாங்கி, நவராத்திரிக்குக் கொலுப்படி. ஒரே உயரமுள்ள இரண்டு ஸ்டூல்களின் மேல் ஒரு நீளப் பலகை போட்டால் வாசல் பெஞ்சு.

பலகைக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் சரக்கு அடுக்கப் பயன்பட்டுக் கழியும் பேலட் மரம் நிறையக் கிடைக்கிறது. அதில் ஒரு முத்திரை இருக்கும், கவனியுங்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றியது; வீட்டுக்கு எடுக்கலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்தது; அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். எவ்வளவு அழகாகச் செய்தாலும், ஒரு பெரியவர் தயங்காமல் உட்காரும்படி அந்த ஸ்டூல் இருக்க வேண்டும். பரணில் ஏற ஸ்டூல் மேல் நின்று விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டிகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். செய்து முடித்ததும் உங்கள் வீட்டில் அதிக எடையுள்ளவரை உட்காரவைத்து, நான்கு பக்கமும் சாய்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் மறுபடி பிரியுங்கள். பார்க்க மட்டும் அழகாக இருந்து, உட்கார்ந்தால் ஒடியும் சாமானை நான் மரவேலை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தச்சருக்கு வேலை கொடுங்கள்

எல்லாருக்கும் இதைத் தாங்களே செய்ய நேரமோ தெம்போ இருக்காது. அது குறையில்லை. உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு தச்சர் இருப்பார். இன்று அவருடைய வேலை பெரும்பாலும் பிளைவுட்டை வெட்டி மைக்கா ஒட்டுவது. உளியும் இழைப்புளியும் பிடிக்கத் தெரிந்த கை அது. அந்தக் கைக்கு ஏற்ற வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை. பழைய ஸ்டூலை அவரிடம் கொண்டுபோனால், "புதுசே வாங்கிடலாமே சார்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ரிப்பேருக்கு யாரும் ஒழுங்காகக் கூலி கொடுப்பதில்லை. பேரம் பேசாதீர்கள். ஒரு நாள் கூலி என்ன என்று கேட்டு, அதைக் கொடுங்கள். அந்தக் காசு நம் ஊரிலேயே ஒரு வீட்டில் அடுப்பெரிய உதவும்.

இங்கே வந்திருக்கும் தச்சுத் தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழக அரசு 2025 ஏப்ரலில் நமக்குப் பக்கத்திலுள்ள குன்றத்தூரில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. 25 வகைக் கைத்தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன். அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஒரு நல்ல கிளாம்ப் செட்டும் ஒரு சின்னக் கடைசல் இயந்திரமும் இருந்தால், பழைய மரச்சாமானைப் புதுப்பிப்பதை மட்டுமே தொழிலாக வைத்துப் பிழைக்கலாம். வீடு இடிபடும் ஒவ்வொரு தெருவும் உங்களுக்கு வாடிக்கையாளர்தான். இடிக்கும் காண்ட்ராக்டர் கதவையும் ஜன்னலையும் விலைபேசி எடுத்துக்கொள்வார். ஸ்டூலையும் மணையையும் கேட்க யாரும் இல்லை. நீங்கள் கேளுங்கள்.

குடியிருப்போருக்கு என் வேண்டுகோள் மூன்று. வீடு மாறும்போது மரச்சாமானைக் குப்பைத் தொட்டிப் பக்கம் வைக்காதீர்கள்; வேண்டுமா என்று முதலில் அண்டை வீட்டாரைக் கேளுங்கள், பிறகு தச்சரைக் கேளுங்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, போகிக்கு முந்தைய வாரமே, ஒரு தச்சரைக் கூலி கொடுத்து அழைத்துவந்து, குடியிருப்பிலுள்ள ஆடுகிற ஸ்டூல், நாற்காலி அத்தனையையும் ஒரே இடத்தில் சரிசெய்யலாம். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். மூன்றாவது, இனி வரும் எந்தப் போகியிலும் ஒரு மரத்துண்டைக்கூடத் தீயில் போடாதீர்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்கள். அங்கே ஒரு ஸ்டூல் இருந்தால் இறக்கி, கவிழ்த்து, அடியில் ஓர் அங்குலம் தேய்த்து அது என்ன மரம் என்று பாருங்கள். அதற்குப் பிறகு அதைத் தூக்கிப்போட உங்களுக்கு மனசு வராது.